வெடித்த திராட்சையில் நல்ல காடி
(பன்னீர் திராட்சை விவசாயிகளுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



சென்ற முறை கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தபோது மண் பரிசோதனை பற்றிப் பேசினேன். பேசி முடித்து, "ஐயங்கள் ஏதும் உண்டா?" என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "மண்ணு கிடக்கட்டும் சார். மூணு நாள் மழையிலே பழம் பூராவும் வெடிச்சுப் போச்சு. யாவாரி வந்து எட்டிப் பார்த்துட்டு வண்டியைத் திருப்பிட்டுப் போயிட்டாரு. அந்தப் பழத்துலே ஒயின் போடுறது எப்படின்னு சொல்லுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைய பேச்சு அவருக்கான பதில்தான்.

முதலில் ஒயின் விஷயத்தை முடித்து விடுகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பழத்தில் செய்தாலும், வீட்டில் செய்தாலும், ஒரு ஜாடி மட்டுமே செய்தாலும் விதிவிலக்கு இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். "மலைக்கு அந்தப் பக்கம் அனுமதி கொடுத்திருக்கிறார்களே" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேரளத்தில் 2022-ல் பழ ஒயினுக்குத் தனி விதிகள் வந்தது உண்மைதான். ஆனால் அவை உரிமம் பெற்று நடத்தும் சிறு ஆலைகளுக்கானவை, அடுப்படிக்கானவை அல்ல. ஆகவே நான் சொல்லித் தரப் போவது ஒயின் அன்று, காடி. கடையில் வினிகர் என்கிறார்களே, அது. நம் பெரியவர்கள் புளித்த கஞ்சித் தண்ணீரையும் காடி என்பார்கள். இங்கே நான் சொல்வது பழக்காடி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காடி ஆவதற்கு முன்னால் பழச்சாறு சில நாட்கள் மது நிலையைக் கடந்துதான் செல்ல வேண்டும். அந்த நிலையைத் தாண்டாமல் காடி இல்லை. எனவே தொடங்கும் முன்பாக, உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைப் பிரிவில் "திராட்சைக் காடி தயாரிக்க விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். என் பேச்சை நம்பி நீங்கள் காவல் நிலையத்தில் நிற்கக் கூடாது. கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். நேர்மையான தொழிலுக்குத்தானே கேட்கிறோம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பெரும்பாலானது பழத்தைப் பார்த்ததே இல்லை. அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்வது அது. செயற்கை வினிகர் என்று சீட்டில் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பழத்தை நொதிக்க வைத்துச் செய்யும் காடிக்கு வேறு மணம், வேறு சுவை. அதிலும் நம் பன்னீர் திராட்சையின் மணம் மற்ற இரகங்களுக்கு வாய்க்காது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற இரகம்தான் நம் ஊரில் பன்னீர் திராட்சை ஆயிற்று. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மணம் மிகுந்த பழம். ஆனால் தோல் மெலிந்த பழம். மழை பெய்தால் வெடிக்கிறது, வெடித்தால் இரண்டு நாள் தாங்காது. அந்த இரண்டு நாட்களுக்குள் நாம் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

காடி தயாரிப்பதை ஒரே வயலில் இரண்டு போகம் எடுப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். முதல் போகம் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியுடையது. அது சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. அதற்குக் காற்று வேண்டியதில்லை. இரண்டாம் போகம் அசிட்டிக் பாக்டீரியாவுடையது. அது சாராயச் சத்தைப் புளிப்பு அமிலமாக மாற்றுகிறது. அதற்குக் காற்று இல்லாமல் முடியாது. முதல் போகத்துக்கு மூடி, இரண்டாம் போகத்துக்குத் திறப்பு. காடி கெட்டுப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மாற்றிச் செய்தவைதாம்.

பழத்தைப் பற்றிச் சில சொற்கள். வெடித்த பழம் ஆகும். பூசணம் பிடித்த பழம் ஆகாது. சாம்பல் பூத்தது, பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் ஏறியது, ஈ மொய்த்துப் புளித்த வாடை வீசுவது ஆகியவற்றைக் கொத்திலிருந்து கிள்ளி எறிந்து விடுங்கள். மருந்து தெளித்து அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் கழியாத தோட்டத்துப் பழத்தைத் தொடவே வேண்டாம். மருந்துப் புட்டியின் சீட்டிலேயே அந்த நாட்கள் அச்சிடப்பட்டிருக்கும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் தெளித்திருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. தோலில் கந்தகம் தங்கிச் சாற்றில் இறங்கினால், ஈஸ்ட் அதை அழுகிய முட்டை நாற்றமாக மாற்றிவிடும். முதன்முறை என் ஜாடியில் அந்த நாற்றம் வந்தபோது எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அறை முழுவதும் தேடினேன். பழத்தை இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசினால் கந்தகமும் போர்டோ கலவையின் செம்பும் பெருமளவு போய்விடும்.

முதல் தடவை மூன்று கிலோவுக்கு மேல் போடாதீர்கள். தோட்டத்தில் முந்நூறு கிலோ வெடித்துக் கிடக்கும்போது மூன்று கிலோவா என்று தோன்றும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பாத்திரம் கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு அல்லது உணவுக்கென விற்கும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் கூடாது. அமிலம் அவற்றை அரித்து உலோகத்தைக் காடியில் இறக்கும். பழைய பீங்கான் ஜாடியின் பளபளப்புப் பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். மாங்காய் ஊறுகாய்க்குப் பாட்டி வைத்திருந்தது என்பதற்காக அதை எடுக்க வேண்டாம். எதை எடுத்தாலும் வெந்நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

பழத்தைக் காம்பு நீக்கிக் கையால் பிசையுங்கள். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். தோலும் சாறுமாக அடுப்பில் வைத்து, கொதிக்க விடாமல், 70 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் கால் மணி நேரம் வைத்திருங்கள். தோலின் நிறம் சாற்றில் இறங்கும். வேண்டாத நுண்ணுயிரிகளும் மடியும். சிலர் சூடு காட்டாமல் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் உப்பு போடுவார்கள். பழரசத்துக்கு அது நல்ல முறை. காடிக்கு நான் பரிந்துரைப்பதில்லை, ஏனென்றால் மிஞ்சி நிற்கும் கந்தக வாயு நம் இரண்டாம் போகத்தையும் தடுக்கும். சூடு ஆறியதும் சுத்தமான துணியில் பிழிந்தெடுங்கள். மூன்று கிலோவுக்கு ஏறத்தாழ 1.8 லிட்டர் சாறு வரும்.

இனி சர்க்கரை அளவு. இதுதான் கணக்குப் பார்க்க வேண்டிய இடம். நன்கு பழுத்த பன்னீர் திராட்சைச் சாற்றில் பிரிக்ஸ் அளவு 16 முதல் 18 வரை இருக்கும். மழையில் நனைந்த பழத்தில் குறையும். காடிக்கு 12 போதும். அதற்கு மேல் போனால் சாராயச் சத்து கூடிவிடும், பாக்டீரியா திணறும். சர்க்கரையில் இரண்டு பங்கு ஏறக்குறைய ஒரு பங்கு சாராயச் சத்தாகும். அந்த ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு பங்கு அமிலமாகும். ஆகவே 12 பிரிக்ஸில் தொடங்கினால், வழியில் ஆகும் சேதாரம் போக, நாலரை முதல் ஐந்து சதம் அமிலம் எதிர்பார்க்கலாம்.

பிரிக்ஸ் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி எல்லோரிடமும் இராது. மின்தராசு இருந்தால் போதும். ஒரு லிட்டர் புட்டியில் கழுத்தில் கோடு போட்டுக் கொள்ளுங்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, நுரை அடங்கிய சாற்றை அதே கோடு வரை ஊற்றி எடை பாருங்கள். எத்தனை கிராம் கூடுகிறதோ அதை நாலால் வகுத்தால் பிரிக்ஸ் ஏறத்தாழ வந்துவிடும். 64 கிராம் கூடினால் 16. 1.8 லிட்டர் சாற்றை 16-லிருந்து 12-க்குக் கொண்டுவர 600 மில்லி தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிச் சேருங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ஈஸ்டுக்கு ஆகாது. கலந்த பிறகு மீண்டும் ஒருமுறை எடை பார்த்துக் கொள்வது நல்லது.

ஈஸ்டுக்கு எங்கும் அலைய வேண்டாம். ரொட்டிக் கடைக்காரர் போடும் உலர்ந்த ஈஸ்டே போதும், லிட்டருக்கு ஒரு கிராம். கை பொறுக்கும் சூட்டில் கால் தம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை, அதில் ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிடம் விட்டால் நுரைத்து வரும். நுரைக்காவிட்டால் ஈஸ்ட் செத்தது, வேறு வாங்குங்கள். சாறு முழுவதும் ஆறிய பிறகே இதைச் சேர்க்க வேண்டும்.

நாலு லிட்டர் கேனில் இந்த 2.4 லிட்டர் சாற்றை ஊற்றி மூடுங்கள்; ஆனால் இறுக்கி மூடாதீர்கள். இந்தச் சிறிய அளவுச் சாறே நொதித்து முடிவதற்குள் 60 லிட்டருக்கு மேல் வாயு வெளிவிடும். இறுக்கி மூடினால் கேன் வெடிக்கும். கண்ணாடியாக இருந்தால் கண் போகும். மூடியில் துளையிட்டு, மருந்துக் கடையில் விற்கும் புதிய டிரிப் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டுவிடுங்கள். துளையைச் சுற்றி மெழுகு உருக்கி அடைத்தால் வாயு குழாய் வழியே குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. குழாயின் உள்முனை சாற்றில் படாமல் மேலே இருக்க வேண்டும்.

நல்ல வெயிலில்லாத, நிழலான மூலையில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் செய்தால் ஈரச் சாக்கின் மேல் வைப்பது நல்லது. 35 டிகிரிக்கு மேல் இரண்டு போகமும் தளர்ந்து விடும். ஐந்து முதல் எட்டு நாட்களில் குமிழ் நின்றுவிடும். வண்டல் அடியில் படியும், இனிப்பு அறவே போயிருக்கும். இனிப்பு மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால், மிஞ்சிய சர்க்கரை அமிலமாகாது. வேறு கிருமிகளுக்கு விருந்தாகும்.

குமிழ் நின்ற அன்றே வண்டல் கலங்காமல் ஒரு குழாய் போட்டுத் தெளிவை இறக்குங்கள். ஏறத்தாழ 2.1 லிட்டர் கிடைக்கும். அதே நாளில் தாய்க்காடியைச் சேர்த்துவிட வேண்டும். புட்டியில் அடைத்து ஓரமாக வைப்பது, நாலு பேருக்கு ருசி பார்க்கக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். முதலில் சொன்ன சட்டத்தை நினைவில் வையுங்கள்.

தாய்க்காடி என்பது உயிருள்ள காடி. சூடு காட்டாமல், வடிகட்டாமல், அடியில் நூல் நூலாக மங்கல் கிடக்கும் வினிகர். பெரிய கடைகளில் அப்படி எழுதியே விற்கிறார்கள். நான் முதன்முதலில் செய்தபோது இந்த வேறுபாடு தெரியாமல் தெருமுனைக் கடையில் வெள்ளை வினிகர் வாங்கி ஊற்றினேன். அதில் அமிலம் இருந்தது, உயிர் இல்லை. இரண்டு மாதம் காத்திருந்து பார்த்தால், மேலே பச்சைப் பூசணம்தான் ஆடை கட்டியிருந்தது. முதுகலை படித்தவனுக்கு இது தெரியாதா என்று வீட்டில் கேட்டார்கள்.

நாலு பங்கு தெளிவுக்கு ஒரு பங்கு தாய்க்காடி வேண்டும். நம் 2.1 லிட்டருக்கு 500 மில்லி. மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கடைத் தாய்க்காடி விலை கூடுதல். முதல் ஜாடி பலித்தால் அதிலிருந்தே அடுத்ததற்கு எடுத்துக் கொள்ளலாம். விதைநெல் போல ஒவ்வொரு முறையும் கால் பங்கை ஒதுக்கி வையுங்கள். இவ்வாறு மூன்று நான்கு சுற்றில் பெரிய அளவுக்குப் போய்விடலாம், காசும் வீணாகாது.

இப்போது வாய் அகன்ற பாத்திரம் தேவை. உயரமான குடத்தை விட அகன்ற ஜாடி நல்லது. காற்றுப் படும் பரப்பில்தான் பாக்டீரியா வேலை செய்கிறது. பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். இரண்டு மடிப்பு மல் துணியை வாயில் கட்டுங்கள். கொசு போன்ற சிறு ஈ எங்கிருந்துதான் வருமோ, கட்டாவிட்டால் மறுநாளே புழு நெளியும். இருட்டான இடத்தில் வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள். ஆட்டுவதும் கிளறுவதும் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் மேலே வழுவழுப்பான மெல்லிய ஆடை படரும். அது கெட்டதன் அடையாளமன்று. பாக்டீரியா கட்டிய வீடு. மாறாக, பஞ்சு போல மயிர் முளைத்துப் பச்சை, கறுப்பு நிறம் தெரிந்தால் அது பூசணம். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக் கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள். நடுவில் நகப்பூச்சு வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். துணி அழுக்கேறிக் காற்றைத் தடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் காடி முதிரும். நாக்கை நம்பாதீர்கள், மூன்று சதமும் ஐந்து சதமும் நாக்குக்கு ஒன்றுதான். பக்கத்துப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. 10 மில்லி காடியை, நிறம் மங்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் கலந்து, 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் பினாப்தலீன் நிறங்காட்டி கொண்டு தரம்பார்க்கச் சொல்லுங்கள். செலவான மில்லி அளவை 0.3-ஆல் பெருக்கினால் அமில சதவீதம். 15 மில்லி செலவானால் 4.5 சதம். விற்பனைக்கு வரும் நொதிக் காடியில் குறைந்தது 3.75 சதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஊறுகாய் கெடாமல் இருக்க ஐந்து சதம் வேண்டும். அளந்து பார்க்காத காடியைச் சமையலுக்குப் பயன்படுத்துங்கள், ஊறுகாய் போடாதீர்கள்.

முதிர்ந்த பிறகு எடுக்காமல் விடுவதும் தவறு. சாராயச் சத்து தீர்ந்ததும் அந்தப் பாக்டீரியா தான் உண்டாக்கிய அமிலத்தையே தின்னத் தொடங்கும். காடி நாளுக்கு நாள் சப்பென்று ஆகும். என் இரண்டாவது ஜாடியை அப்படித்தான் இழந்தேன். பருவத் தேர்வு வேலையில் மறந்துவிட்டு, பிறகு அப்படியே புட்டியில் ஊற்றி என் சித்தியிடம் எலுமிச்சை ஊறுகாய்க்குக் கொடுத்தேன். அளந்தும் பார்க்கவில்லை, சூடும் காட்டவில்லை. ஒரு மாதத்தில் ஊறுகாய் நுரைத்துப் போயிற்று. நூறு எலுமிச்சம்பழம். சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். ஆகவே, ஆடையை அசைக்காமல் அடியிலிருந்து இறக்கி, கால் பங்கைத் தாய்க்காடியாக ஒதுக்கி, மிச்சத்தை வடிகட்டிப் புட்டியில் ஊற்றுங்கள். புட்டிகளை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளிருக்கும் காடி 65 டிகிரியில் அரை மணி நேரம் இருக்குமாறு செய்யுங்கள். கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். தகர மூடி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

விற்க எண்ணுவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, எண்ணைச் சீட்டில் அச்சிட வேண்டும். சர்க்கரை நோய் தீரும், உடல் இளைக்கும் என்றெல்லாம் சீட்டில் எழுத வேண்டாம். காடியைத் தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல்லின் மேற்பூச்சு கரையும் என்பதை மட்டும் வாங்குவோரிடம் சொல்லுங்கள்.

மெத்தனால் வந்துவிடுமா என்று சென்ற வாரம் ஒரு அம்மா கேட்டார். 2024-ல் கள்ளக்குறிச்சியில் நடந்த கொடுமைக்குப் பின் இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. அங்கே உயிரைக் குடித்தது தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்த சாராயம். பழம் நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிய அளவு. காய்ச்சி வடிப்பது நம் முறையில் கிடையாது.

அந்தப் பெரியவருக்கு ஒரு செய்தி. ஐயா, உங்கள் ஒரு டன் வெடித்த பழத்தைக் காடி காப்பாற்றாது. ஒரு டன்னில் 600 லிட்டர் சாறு வரும். அதை ஜாடியில் வைத்து எந்த வீட்டிலும் ஆளமுடியாது. பத்து இருபது பேர் குழுவாகச் சேர்ந்து, முறையான அனுமதியுடன் கொட்டகை போட்டால் அது வேறு கணக்கு. இப்போதைக்கு இது, கொட்டிவிடும் பழத்தில் ஒரு கூடையை வீட்டுக்குத் திருப்பும் வழி மட்டுமே. இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

வெளியே மேசையில் என் ஜாடி இருக்கிறது. துணியை விலக்கி ஆடையைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். எழுத்துமூலம் பதில் வாங்கி வருவோருக்கு ஆளுக்கு 200 மில்லி தாய்க்காடி தருகிறேன். கண்ணாடிப் புட்டியில் பாதி நிரப்பி, வாயில் துணி கட்டித்தான் எடுத்துப் போக வேண்டும். வண்டியில் சாய்த்து வைத்தால் சட்டை பாழாகும்.